பாதி கழுவிய கார்

மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர்கள் கடும் நீல நிறத்தில் கார் வாங்கக் கூடாது. இதை நான் கார் வாங்குவதற்கு முன்பே சொன்னேன். வெள்ளை வாங்குங்கள், அழுக்கு அவ்வளவாகத் தெரியாது, வெயிலையும் தாங்கும் என்றேன். என் கணவர் கேட்கவில்லை. ஷோரூமில் அந்த நீலத்துக்கு முன்னால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததுமே, இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை அவர் அப்படிப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் பெயின்டுக்கு எல்லாத் திசையிலும் எதிரிகள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல் என்கிற உப்பங்கழி, இரண்டிலிருந்தும் உப்புக் காற்று. பக்கத்து வீட்டு மாமரம் எங்கள் மதிலைத் தாண்டி வந்து பிசினைச் சொட்டும். அந்த மரத்தில் காக்கைகளுக்குக் குறைவில்லை. தெருக்கோடியில் ஒரு சுக்குக் கிடங்கு. இஞ்சியைச் சுண்ணாம்பில் புரட்டி முற்றத்தில் உலர்த்துவார்கள். காற்று அடித்தால் அந்த வெள்ளைத் தூள் வீட்டு ஜன்னல், துளசி மாடம், கொடித் துணி எல்லாவற்றிலும் வந்து உட்காரும். ஈரம் பட்ட சுண்ணாம்பு கார் பெயின்டின் மேல்பூச்சைத் தின்றுவிடும் என்று எனக்கு அவர்தான் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், பல தடவை.

அவர் வல்லார்பாடத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஓர் ஆபீசில் இருந்தார். நாள் முழுக்கக் கண்டெய்னர்களின் நடுவில் வேலை. பகலெல்லாம் துருவைப் பார்க்கிறவனுக்குத்தான் பெயின்டின் அருமை தெரியும் என்பார். காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் காரைக் கும்பிடுவார் என்று நான் சொல்வது வழக்கம். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும், இல்லையென்றால் துணியில் ஒட்டிய மணல் பெயின்டில் கோடு போடும். மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். சக்கரம் துடைத்த துணி பானெட்டைத் தொடக் கூடாது. காக்கை எச்சத்தைச் சுரண்டக் கூடாது, ஈரத் துணியை அதன் மேல் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும். மெழுகு போடுவதென்றால் நிழலில், வெயில் ஏறுவதற்கு முன்னால். வீட்டில் நாங்கள் துவட்டிக்கொள்ளும் துண்டு கிழிந்திருக்கும், காருக்குப் பூப்போல மெத்தென்ற துணிகள் அலமாரியில் மடித்து வைத்திருக்கும்.

“சக்களத்திக்குக் குளிப்பாட்டு முடிஞ்சாச்சா? சாயா ஆறிப் போறது” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன்.

“அவளுக்கு வாய் கெடையாது. அதாக்கும் எனக்கு நிம்மதி” என்று பதில் வரும்.

இதையெல்லாம் நான் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. என் மகனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க மலையாளம்தான் தெரியும். அதனால் அவனைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இடது கை பாதியில் நின்றுவிட்டது. வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. “கை மரத்துப் போயிடுத்து” என்றார், அப்படியே கட்டிலில் சரிந்தார். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள், சீக்கிரம் கொண்டு வந்ததால் பிழைத்தார் என்றார்கள். இடது காலில் கொஞ்ச நாளில் தெம்பு வந்தது. கைக்கு அவ்வளவு வரவில்லை.

என்னைப் பயமுறுத்தியது கையும் அல்ல, காலும் அல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, “சட்னி தரலையே” என்றார். சட்னி தட்டிலேயே இருந்தது, இடப்பக்கம். இட்லியிலும் வலப் பாதிதான் போயிருந்தது, கத்தியால் வெட்டினாற்போல மறு பாதி அப்படியே இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, குழந்தை மாதிரி விளையாடுகிறீர்களே என்று கடிந்துகொண்டேன். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று பழமொழி வேறு சொன்னேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். தட்டை நான் திருப்பி வைத்ததும், புதிதாகப் பரிமாறியதுபோல மிச்சத்தைச் சாப்பிட்டார்.

அங்கே பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் விளக்கினாள். கண்ணில் கோளாறு இல்லை. மூளை இடப்பக்கத்தை விட்டுவிட்டது. அங்கே ஏதோ மறைந்திருக்கிறது என்ற எண்ணமே அவருக்கு வராது. இல்லாத பக்கத்தில் எதைத் தேடுவார்? அதனால் நீங்கள் எப்போதும் அவருக்கு இடப்பக்கமாக உட்காருங்கள், இடப்பக்கத்திலிருந்தே பேசுங்கள், சாயாவை அந்தப் பக்கமே வையுங்கள். திரும்பிப் பார்க்கட்டும். பாவம் பார்த்து வலப்பக்கம் போய்விடாதீர்கள், போனால் அவர் திரும்பவே மாட்டார் என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தோம். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேஜையில், சோபாவில், கட்டிலில், எல்லா இடத்திலும். நான் பேசுவேன், அவர் வலப்பக்கம் இருந்த ஃபிரிட்ஜைப் பார்த்துப் பதில் சொல்வார். சில சமயம் வேலையாக எதிரே போய் நிற்பேன், அவர் பார்வை என் மேல் வழுக்கிக்கொண்டு வலப்பக்கத்துச் சுவருக்குப் போய்விடும். ஒரு சாயங்காலம் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறேன், அவர் கேட்டார்.

“நீ எங்கே போயிட்டே?”

“இங்கேதான் இருக்கேன்.”

“எங்கே?”

“இடது பக்கம் திரும்புங்கோ.”

திரும்பினார். பாதி தூரம் வந்த தலை, வேறு ஏதோ ஞாபகம் வந்ததுபோல மறுபடியும் வலப்பக்கம் போய்விட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து அந்தப் பக்கம் போய் முகத்தைக் காட்டிவிடலாம் என்று இருந்தது. போகவில்லை. வீட்டிலேயே இருந்துகொண்டு வீட்டில் இல்லாதவளாக நான் மாசக்கணக்கில் குடித்தனம் நடத்தினேன்.

பயிற்சிகளை அவர் செய்ய மாட்டார். ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தால் தூக்கி எறிவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் வாளியில் தண்ணீர் பிடிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தேன். வலது கையில் துணியோடு காருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. போய் விளக்கேற்றினேன். சாயாவோடு வெளியே வந்தபோது அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“நோக்கிக்கோ. எப்படி மின்னறது” என்றார்.

பானெட்டின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் நீலம், வானம் தெரிகிற நீலம். மறுபக்கம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து படிந்த சாம்பல் நிறம். கார் மூக்கை கேட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு எதிரே நின்று அவர் கழுவினார். அவருக்கு வலப்பக்கம் வந்த பாதியைப் பின்புறம் வரைக்கும் துடைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்திருந்தார். இடப்பக்கம் வந்தது டிரைவர் சீட் இருக்கிற பாதி. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

நான் துணியை எடுத்து வாளியில் முக்கிவிட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்ற அவசரம். எங்களுக்கு எப்போதும் அதுதான் முதல் கவலை. அப்புறம் அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. இதை நான் துடைத்துவிட்டால் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பதை யார் அவருக்குச் சொல்வார்கள்? துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கழுவினார். தினமும் அதே பாதி. ஒரு பக்கம் மெழுகு ஏறிக்கொண்டே போயிற்று, மறுபக்கம் உப்பும் சுண்ணாம்பும் மாம்பிசினும் ஏறிக்கொண்டே போயின. டிரைவர் கதவில் ஒரு காக்கை நாவற்பழம் தின்ற வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. அந்தக் கறை காய்ந்து விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. அவர் பார்த்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. பாதி வண்டியை விற்றுவிட்டீர்களா சேச்சி என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம், மிச்சம் வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். உள்ளே வந்து வார்த்த தோசையைத் திருப்ப மறந்து கருகவிட்டேன்.

அவருக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆஸ்பத்திரியில் அடுத்த பரிசோதனைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

“எனக்கு ஒரு கொழப்பமும் இல்லை. தோப்பும்படிப் பாலம் கேறினா எறணாகுளம். நான் எத்தனை தடவை ஓட்டின வழி.”

“ஒங்களுக்கு இடது பக்கம் தெரியலை.”

“யார் சொன்னா? எல்லாம் நன்னாத் தெரியறது.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவரைப் பொறுத்தவரை உலகம் முழுசாகவே இருந்தது. எங்கள் தெரு இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டிய அகலம். நம் ஊரில் வண்டி இடப்பக்கமாகப் போகும், அந்த இடப்பக்கத்து ஓரத்தில்தான் சுள்ளிக்கல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். மட்டாஞ்சேரி ஆடுகளும் அங்கேதான் படுத்திருக்கும். ஆடு செத்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஒரு பிள்ளை மேல் வண்டி ஏறிவிட்டால்? அந்த வீட்டு வாசலில் போய் எந்த முகத்தோடு நிற்பது? சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிடுவான். அந்த வாரம் அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காருக்கு முன்னால் போய்ப் பிடித்தார். அவர் பிடித்தால் எந்தப் பக்கம் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“அம்மா, புதுசு மாதிரி இருக்கு. இத்தனை நன்னாக் கழுவறவருக்கு ஓட்டத் தெரியாதா?” என்றான் மகன்.

நான் போனைப் பிடுங்கி மறுபக்கத்தைக் காட்டினேன்.

“கொஞ்சம் தூசி, பொடி, அத்தனைதானே. அப்பா க்ஷீணிச்சு அசந்து போயிருப்பார். நீ வெறுதே பயப்படறே. அவரைப் பூட்டி வெச்சா அவர் மனசு ஒடைஞ்சு போகும்.”

“மனசு ஒடைஞ்சா ஒட்டிக்கலாம்டா” என்றேன். அவனுக்கு நான் பயந்தாங்கொள்ளி என்பது சின்ன வயசிலிருந்தே தீர்மானமான விஷயம். கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அப்பா எப்போதும் குணமாகிக்கொண்டேதான் இருப்பார். குறை சொல்லவில்லை. அவனும் எதையாவது நம்ப வேண்டும். ஆனால் மாற்றுச் சாவி இங்கே வீட்டில் தன் அலமாரியில் இருப்பதை அவன் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

பரிசோதனைக்குப் போகும் காலையில் நான் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தேன். புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் நிற்கிறார். வலது கையில் சாவி. கேட்டையும் திறந்து வைத்திருந்தார். வெளியே பள்ளிக்கூட நேரம், தெருவில் பிள்ளைகளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. சாவியைப் பிடுங்கலாம், கத்தலாம், காலில் விழலாம், எல்லாம் மனசில் ஓடியது. பிடுங்கினால் அவர் நாளைக்கு வேறு வழி தேடுவார். இவருக்கு நான் காவல் நின்று மாளாது. இவரே நிறுத்தினால்தான் உண்டு.

கழுவி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பெயின்டைத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பார். அது எனக்கு அந்த நேரத்தில் எப்படித் தோன்றியது என்று இன்றும் தெரியவில்லை.

“ஓட்டிக்கோங்கோ. நான் வேண்டாம்னு சொல்லலை. அழுக்கு வண்டியை நீங்க ஒரு நாளும் வெளியில எடுத்ததில்லை. ஒரு தடவை கையை வெச்சுப் பாத்துட்டு எடுங்கோ.”

“நேத்திக்குக் கழுவினதாக்கும்.”

“அப்போ பாக்கறதுக்கு என்ன?”

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல வலப்பக்கம் திரும்பினார். நான் அவர் வலது கையைப் பிடித்தேன். தோளை அணைத்து அவரை முழுசாக இடப்பக்கம் திருப்பி நடத்திக்கொண்டு போனேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டுக்குள் கூட்டிப் போகிறவளிடம் வருவதுபோல அடிமேல் அடி வைத்து வந்தார். டிரைவர் கதவுக்கு முன்னால் நிறுத்தி, அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன்.

கண்ணை மூடினார். கை நகர்ந்தது. உடனே நின்றது. சூடு பட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“இது நம்ம வண்டி இல்லை.”

“நம்ம வண்டிதான்.”

“இல்லை. யாரோ கேட்டுக்குள்ள கொண்டு வந்து விட்டிருக்கா. இத்தனை அழுக்கா ஒருத்தன் வெச்சிருப்பானா?”

அவர் கையை மறுபடியும் எடுத்து வைத்தேன். அந்தக் காக்கைக் கறையை அவர் விரல் கண்டுபிடித்தது. நகத்தால் சுரண்டாமல், விரல் நுனியால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவினார். பெயின்ட் வரைக்கும் அரித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அரித்திருந்தது. பிறகு அவராகவே கையைக் கதவிலிருந்து முன்பக்கம் நகர்த்தினார். மட்கார்டு, அப்புறம் பானெட். உப்பும் சுண்ணாம்பும் பரபரவென்று கைக்குக் கீழே சத்தம் போட்டன. பானெட்டின் நடுவில் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. கை கண்ணாடியில்போல வழுக்கியது. பின்னால் இழுத்தார், சத்தம் வந்தது. முன்னால் தள்ளினார், நின்றது. அந்த ஓர் இடத்திலேயே கை போய்ப் போய் வந்தது. கண்ணை அவர் திறக்கவில்லை.

“நான் தெனமும் தொடைச்சேனே.”

“தொடைச்சேள். அந்தப் பக்கத்தை மட்டும்.”

ஆட்டோ வந்து கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. காத்திருக்கச் சொல்லக்கூட நான் போகவில்லை. அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். என் குரல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது யோசிக்கிறவர்போல, கையை மெதுவாக இடப்பக்கம் கொண்டுவந்து நீட்டினார். காற்றில் தடுமாறிய கையை நான் பிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

“இந்தப் பக்கம் இன்னும் என்னெல்லாம் இருக்கு?” என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதே இல்லை.

“நான் இருக்கேன்” என்றேன்.

அவர் தலை திரும்பியது. பாதியில் நின்றது, எப்போதும் நிற்கிற இடத்தில். நான் கைநீட்டி முகத்தைத் தொடவில்லை. எத்தனையோ மாசம் காத்திருந்தாயிற்று, இதற்கும் காத்திருப்போம் என்று நின்றேன். பாரம் இழுக்கிறவர்போலக் கழுத்து நரம்பு புடைக்க, மிச்ச தூரத்தையும் அவரே திரும்பினார். பார்வை என் மேல் வந்தது. வழுக்கவில்லை. நெற்றியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கிக் கழுத்தில், தோளில், தளர்ந்து முழங்கை வரைக்கும் ஏறிப்போகும் என் வளையலில் போய் நின்றது. அழப்போகிற குழந்தையைப்போல அவர் உதடு கோணியது.

“என்னது இது. இப்படி மெலிஞ்சு போயிட்டியே” என்றார்.